வெள்ளியில் அடித்த பல்வரிசை

அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும், இருபதைத் தாண்டிய ஒரு கிராணி பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் என்னென்ன பேச்சு வரும் என்று சொல்லவே வேண்டியதில்லை. எனக்கு எல்லாம் வந்தது. மலாயா மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வாங்கிய வருடம் கட்டிய கம்பி அது. "நாட்டையே அவுத்து விட்டுட்டாங்க, உன் பல்ல எப்பய்யா அவுத்து விடப்போறாங்க?" என்று பக்கத்து மேசைக்காரர் தினமும் கேட்பார். தினமும் அவரே சிரித்துக்கொள்வார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வாயைத் திறந்து திட்டினால் கம்பி தெரியுமே என்று வாயை மூடிக்கொண்டு கோப்பைப் புரட்டுவேன்.

கம்பி கட்டுமளவுக்கு என்ன குறை என்றால், மேல்வரிசையின் முன்பற்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நிற்கும். இடப்பக்கக் கோரைப்பல் தனிக்குடித்தனம் போனதுபோல் மேலே முளைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பெயரை யாரும் சொன்னதில்லை. 'பல்லன்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பேன். பெரியவனானதும் அந்தப் பெயர் போய்விட்டது. ஆனால் யாராவது சிரிக்க வைத்தால் என் கை தானாக எழுந்து வாயை மறைக்கும். அந்தக் கை கீழேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சீனப் பல் டாக்டர் ஒருவர் அப்போது மலாக்காவில் தொழில் தொடங்கியிருந்தார். சிறுபிள்ளைகளுக்குத்தான் இதைச் செய்வது வழக்கம், வளர்ந்தவனுக்கு எலும்பு முற்றியிருக்கும், பல் மெதுவாகத்தான் நகரும், வலிக்கும், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வா என்றார். யோசிக்க என்ன இருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் மாவு போன்ற எதையோ கடிக்கச் சொல்லி, அந்த அச்சை வைத்து என் பல்வரிசையைச் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாக வார்த்து எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டு பற்களைப் பிடுங்கி இடம் உண்டாக்கினார். மிச்சப் பற்களுக்கெல்லாம் பட்டை மாட்டி, குறுக்கே கம்பி ஓட்டினார்.

முதல் வாரம் கஞ்சிகூட இறங்கவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மாய்ந்து போனாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில், எனக்கு ஏழு வயதிருக்கும்போது, சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. எங்கே போனார், எப்படிப் போனார் என்று சொல்லவும் ஆள் வரவில்லை. அம்மா என்னை இழுத்துக்கொண்டு மலாக்காவின் காஜா பேராங்குக்கு வந்து, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறித் தமிழ் மறந்துபோன செட்டிமார் வீடுகளை ஒட்டிய ஒரு சின்ன வீட்டில் குடியேறி, நாலு வீட்டுத் துணி துவைத்து என்னைப் படிக்க வைத்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் வருடாவருடம் தன் முன்னோருக்குப் படையல் போடும்போது அம்மா போய்ச் சமைத்துக் கொடுப்பாள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஓர் இலை போட்டதில்லை.

வலி தாங்காமல் நான் சுருண்டு கிடந்த அந்த வாரத்தில் அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். "தாயே, எம்புள்ளைக்கு இந்தக் கம்பி நல்லபடியா கழலட்டும். வெள்ளியில பல்லு செஞ்சு உன் காலடியில வைக்கிறேன்." கண்நோய் தீர்ந்தால் வெள்ளிக் கண், கால்வலி தீர்ந்தால் வெள்ளிக் கால் என்று காணிக்கை வைப்பது எங்கள் பக்கத்தில் உண்டு. பல்லுக்கு யாரும் வைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டு வருடம் கழித்து டாக்டர் பட்டைகளைக் கழற்றினார். ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி எடுத்து, மறுபடி ஒரு வார்ப்பு எடுத்தார். பழையதையும் புதியதையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எனக்குக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு அவர் வார்ப்பைத்தான் பார்த்தார். கடிக்கச் சொன்னார், பக்கவாட்டில் அரைக்கச் சொன்னார், மூக்குக்கு நேரே நூல் பிடித்தார். கடைசியில், நடுக்கோடு ஓர் அரிசி அளவு வலப்பக்கம் தள்ளியிருக்கிறது, மற்றபடி எனக்குத் திருப்தி என்றார். பல் பழைய இடத்துக்குப் போகப் பார்க்கும், விடாதே என்று சொல்லி, இரவில் மாட்டிக்கொள்ள ஒரு தட்டும் கொடுத்தார். வார்ப்புகள் இரண்டையும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே வந்தேன். எல்லாம் வழுவழுவென்று இருந்தது. சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். வாசலில் செட்டி அம்மாள் என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வராது, எங்களோடு மலாயில்தான் பேசுவார். "அமாய், தா கெனால்லா!" என்று கையைத் தட்டினார். ஆளே அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு என்ன வேண்டும்? பல்லெல்லாம் தெரிய இளித்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினேன்.

அம்மா ஒருமுறை பார்த்தாள். "சோறு ஆறிப்போவுது" என்று உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். சாப்பாடு போடும்போது என் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினாள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்கூட, "ஏய், மாப்பிள்ளை களை வந்துருச்சுய்யா உனக்கு!" என்று மனசாரச் சொல்லிவிட்டார். காப்பிக் கடையில் சொன்னார்கள், முடிவெட்டுபவர் சொன்னார். ஊரே சொல்லி என்ன? யாருடைய கஞ்சியைக் குடித்து அந்த இரண்டு வருடத்தை ஓட்டினேனோ அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடிமுன் நின்று அந்த அரிசி அளவுக் கோணலை உற்று உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். அசிங்கமாகிவிட்டதோ, அதைச் சொல்ல மனமில்லாமல்தான் விலகிப் போகிறாளோ என்று தோன்றிவிட்டது. கை மறுபடி வாய்க்குப் போகத் தொடங்கியது.

நேர்த்திக்கடனை மட்டும் அம்மா மறக்கவில்லை. ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருப் பக்கம் ஒரு பத்தர் இருந்தார். கண்ணுக்கும் காலுக்கும் அவரிடம் அச்சு உண்டு. பல்லுக்கு இல்லை. மாதிரி கொண்டுவந்தால் பார்த்துத் தட்டித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். நான் வார்ப்புகள் இரண்டையும் அம்மாவிடம் கொடுத்து, நேராக இருப்பதைக் கொடு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் அம்மாவும் நானும் பத்தரிடம் போனோம். அவர் சிவப்புத் தாளைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். ரேகை ரேகையாக அருமையான வேலை. முன்பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. கோரைப்பல் மேலே தனியாக நின்றது. வெள்ளியில் பளபளவென்று என் பழைய வாய்!

"என்னம்மா, மாத்திக் கொடுத்துட்டியா? இதுக்கா ரெண்டு வருஷம் கம்பி கட்டினேன்?" கடை என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். "அண்ணே, இத உருக்கிட்டு வேற செஞ்சுருங்க."

பத்தர் அம்மாவைப் பார்த்தார். "நானும் கேட்டேன் தம்பி. ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு, எதும்மான்னு கேட்டேன். அக்கா இதத்தான் எடுத்துக் குடுத்தாங்க."

அம்மா என் கையிலிருந்து அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். படியிறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கோபம் பாதி, பயம் பாதி. கோயில் வாசலுக்கு வந்தபோது அடக்க முடியவில்லை.

"நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லேம்மா. ஏன் இப்படி மூஞ்சியப் பாக்காமயே இருக்க?"

அவள் நின்றாள். முடிச்சை அவிழ்த்து வெள்ளிப் பல்லை எடுத்து, ஏறியிருந்த அந்த முன்பல்லைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இது உங்கப்பா வாயிய்யா" என்றாள். "அவரோட போட்டோ ஒண்ணும் நம்மகிட்ட கிடையாது. நீ சிரிச்சா அவரு சிரிக்கிற மாதிரியே இருக்கும். அன்னைக்கு நீ கம்பியக் கழட்டிட்டு வந்து சிரிச்ச பாரு, அவரு இல்ல. அப்பத்தான்யா எனக்கு அவரு இல்லன்னே தெரிஞ்சது."

அப்பாவின் முகம் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருந்தது. அவருடைய பல்லை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் தினமும் பார்த்து வெறுத்தது யாருடையது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கம்பி கட்டியிருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே போய் வெள்ளியை அம்மன் காலடியில் வைக்கக் கொடுத்தாள். பூசாரி மணியடித்தபோது அம்மா வாய்விட்டு அழுதாள். ஊர் பார்க்கிறதே என்ற நினைப்பே இல்லாமல், சாவு வீட்டில் அழுவதுபோல், அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். சயாமுக்குப் போனவருக்காக அவள் அழுதது அன்றுதான். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது.

வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். பிறகு என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"எங்க, சிரி."

சிரித்தேன். கை பாதி தூரம் எழும்பியது. அம்மா அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். டாக்டர்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"நல்லாருக்குய்யா" என்றாள். "இது உன் வாயி."

அந்த வருடத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் மூன்று இலை போட்டோம்.