டிராக்டர் முனை போட்ட ஜீப்

வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று கம்பெனி சொன்ன பிறகு என் கால்கள் ஒரு இடத்தில் நிற்க மறுத்தன. பெங்களூர் அல்சூரில் எங்கள் வீடு இரண்டு அறைதான். அதில் ஒன்றில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எங்கோ இருக்கிறவர்களின் பில் தகராறுகளைத் தீர்த்துக்கொண்டிருப்பேன். பேச்சு நீண்டால் எழுந்து சுவர் வரைக்கும் நடப்பேன். வயர் இழுக்கும், திரும்பி வருவேன். ஆபீஸ் போன காலத்தில் பஸ்ஸைத் திட்டாத நாளில்லை. இப்போது அந்த நெரிசலில் ஒற்றைக் காலில் நின்று போனால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஜீப் வேண்டும் என்று கேட்டது நான்தான். என் கணவர் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். விலைக்கு வந்த ஒரு பழைய வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பாடி பூரா துரு மா. வாங்கினா எனக்குத்தான் வேலை" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே பாறையிலும் வற்றிய ஏரியிலும் வண்டி ஓட்டுகிற ஒரு கூட்டத்தில் சேர்ந்தேன். மற்றவர்கள் ஏறிய மேட்டில் எங்கள் ஜீப் ஏறவில்லை. பட்டை ஸ்பிரிங் விறைப்பானது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் எதிர்ச் சக்கரம் அந்தரத்தில் தொங்கி வெறுமனே சுற்றும். சுருள் ஸ்பிரிங் போட்டால் சரியாகும், ஆனால் அப்போது அச்சைப் பிடித்து நிறுத்தத் தனியாகக் கம்பிகள் வேண்டும். அந்தக் கம்பிகளின் இரண்டு முனையிலும் எந்தப் பக்கமும் திரும்புகிற மூட்டு வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற மூட்டுகளின் விலையைக் கேட்டுவிட்டு அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

ஓசூர் ரோட்டில் ஒரு நாள் சிக்னலில் நின்றபோது எங்களுக்கு முன்னால் கலப்பை மாட்டிய டிராக்டர் ஒன்று நின்றது. கலப்பையை மேலே பிடித்திருந்த கம்பியை நான் பார்த்தேன். இரண்டு முனையிலும் இரும்புக் கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. டிராக்டர் உறுமும்போதெல்லாம் கலப்பை ஆடியது, குண்டு அதற்கேற்பத் திரும்பியது.

"அதப் பாருங்க."

"எத?"

"அந்தக் கம்பிய. நம்ம கேக்கறது அதுதானே?"

சிக்னல் பச்சையானதும் பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் கண்ணை எடுக்கவில்லை. "அது டாப் லிங்க்கு. கலப்பைய இழுக்கறதுக்கு. மெதுவாப் போற வண்டி மா அது."

"இழுக்கறதத் தாங்குது இல்ல?"

"தாங்கும்..." என்று இழுத்தார். அந்த இழுப்பிலேயே அவர் மனதுக்குள் வெல்டிங் ஆரம்பித்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

டிராக்டர் சாமான் கடையில் அந்த முனைகள் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் கிடைத்தன. என் கணவர் ஒரு நண்பரின் கொட்டகையில் வண்டியை நிறுத்தி, கெட்டியான குழாய்களில் அவற்றைப் பொருத்திப் பின்பக்கம் முழுவதையும் மாற்றினார். முதல் நாள் வெளியே எடுத்தபோது ஜீப் பூனை மாதிரி பள்ளத்தில் இறங்கி ஏறியது. கூடவே ஒரு சத்தம். குண்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தது. கலப்பைக்கு அது பொருட்டில்லை. எங்களுக்கு ஒவ்வொரு வேகத்தடையிலும் டங் என்றது.

அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. அவருக்குப் பழகவில்லை. ஷிப்ட் முடிந்து வந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைவார். நான் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வருவார். "உன் உயிரு என் வெல்டுல தொங்குது" என்றார் ஒரு முறை. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கோலாருக்கு அப்பால் ஒரு மலையடிவாரத்தில் எங்கள் ஜீப் கூட்டம் சேர்வதாக இருந்தது. அந்த ஞாயிறு காலையில் நான்தான் ஓட்டினேன். ஹொஸ்கோட்டே தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம்.

"நிறுத்து."

"இன்னா ஆச்சு?"

"சத்தம் நின்னுடுச்சு."

"நல்லதுதானே?"

"ஓரங்கட்டு மா."

அடியில் போய்ப் பார்த்தார். போன வாரம் ஏரியில் அப்பிய சேறு கிண்ணத்துக்குள் காய்ந்து குண்டை இறுக்கிவிட்டிருந்தது. குண்டு திரும்பாததால் ஒவ்வொரு குலுக்கலிலும் கம்பியே வளைய வேண்டியிருந்தது. என் விரலைப் பிடித்து இழுத்து, முனையில் திருகு மரை தொடங்கும் கழுத்தில் வைத்தார். நகத்தில் ஒரு கீறல் தட்டியது. தலைமுடி அளவு விரிசல்.

"மெதுவாப் போலாங்க. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

"வேணாம்."

"எல்லாரும் காத்துட்டு இருப்பாங்க!"

அவர் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "போணும்னா நீ பஸ்ல போ. இந்த வண்டி இங்கிருந்து நவுராது."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலை போனால் போகிறது. லாரிகள் விர்ரென்று கடக்கிற ரோட்டோரத்தில், யாராவது வந்து இழுத்துப் போகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தேன்.

வெயில் ஏறியது. தக்காளித் தோட்டம், மறுபடியும் தக்காளித் தோட்டம். எதிரே ஒரு டிராக்டர் வந்தது, அதன் பின்னால் இன்னொன்று. இரண்டாவது என்னைக் கடந்தபோதுதான் உறைத்தது. எங்களுக்கு வேண்டிய முனை இந்தப் பக்கத்தில் எந்த ஊரிலும் கிடைக்கும். கை காட்டி ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

அடுத்த ஊரில் டிராக்டர் சாமான் கடை ஒன்றின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனேன்.

"யாவ டிராக்டர்?" என்று கன்னடத்தில், எந்த டிராக்டருக்கு எனக் கேட்டார் கடைக்காரர்.

"டிராக்டர் இல்லை. ஜீப்புக்கு."

என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "ஜீப்புக்கு எதுக்கு மா கலப்பை சாமான்?"

சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். பிறகு இரண்டு முனைகளை மேஜையில் வைத்தார். "இதுல மரை வலப்பக்கம் ஓடும், அதுல இடப்பக்கம். உங்களுக்கு எது?"

எனக்குத் தெரியவில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு என் கணவருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எங்க இருக்க நீ?"

"கடையில. லெப்டா, ரைட்டா?"

லாரிச் சத்தத்துக்கு நடுவே அவர் கம்பியை உருட்டிப் பார்ப்பது கேட்டது. "லெப்ட்டு" என்றார். "கெட்டியானதாக் கேளு. கிரீஸும் வாங்கிக்க."

"இது ரோட்டுல ஓடறதுக்குச் செஞ்சது இல்ல, அத நான் சொல்லிட்டேன்" என்று இரண்டு தடவை சொல்லித்தான் கடைக்காரர் முனையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

ஜீப்புக்குத் திரும்பிப் போனபோது என் கணவர் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, கம்பியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார். மலையில் சாப்பிட நான் கட்டிக்கொண்டு வந்த சித்ரான்னத்தில் பாதியைச் சாப்பிட்டு, மீதியை மூடி நிழலில் வைத்திருந்தார். புது முனையைக் கையில் உருட்டிப் பார்த்தார். "சரியானதுதான்." நான் சாப்பிட்டேன், அவர் மாட்டினார். பிறகு சாவியை நீட்டினார்.

"வூட்டுக்கு. நாப்பதுக்கு மேல போவக் கூடாது."

நாற்பதில் ஓட்டிக்கொண்டு வந்தேன். வழி நெடுக என்னை முந்தியவர்கள் எல்லோரையும் மனதுக்குள் திட்டினேன்.

அதற்குப் பிறகு, அதிகப் பாரம் வாங்குகிற கீழ்க் கம்பிகளில் ரோட்டு வண்டிக்கென்றே செய்த ரப்பர் மூட்டுகளைப் போட்டார். டிராக்டர் முனைகள் மேல் கம்பிகளில் மட்டும் இருக்கின்றன. ஒவ்வொரு சேற்றுக்குப் பிறகும் கழற்றிக் கழுவிக் கிரீஸ் வைப்பது என் வேலை என்று பேச்சு. அதை நான் தவறாமல் செய்கிறேன், கைக்கு ஏதாவது வேலை இருந்தால் நல்லதுதான்.

அடுத்த மாதம் அதே மலைக்குக் கூட்டத்தோடு போனேன். அவருக்கு ஞாயிறு ஷிப்ட், வரவில்லை. கடைசி மேட்டில் ஒரு பின்சக்கரம் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியும் தரையை விடவில்லை, ஜீப் ஏறிவிட்டது. மேலே காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் டீ நேரத்தில் போன் செய்தார்.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்."

"ஜாயிண்டு?"

"பாத்துட்டேன். லூசா இல்ல."

"சரி, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வா. சும்மா ஓடாத."

பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்தேன். கீழே ஏரி ஒன்று வெயிலில் மின்னியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மறு கரையில் மேலேறிப் போகிற ஒரு மண் பாதை கண்ணில் பட்டது. அது எங்கே போகிறது என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன்.