ஒடியலுக்கு வைத்த நேர்த்தி

இணுவிலில் ஞானாம்பிகை வீடு எது என்று கேட்டால் முதலில் சங்கீத ரீச்சர் வீட்டைத்தான் காட்டுவார்கள். மற்ற ஞானாம்பிகையிடம் போக வேண்டுமென்றால் பூனை ஞானம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் சின்னப்பிள்ளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும்.

பூனை ஞானத்தின் தகப்பன் புகையிலைத் தோட்டம் செய்த ஆழ்வாப்பிள்ளை. தாய் கீரிமலைப் பக்கத்துச் சம்பந்தம். ஞானம் கலியாணம் கட்டவில்லை. கேட்டு வந்த இடங்களெல்லாம் இடம்பெயர்வோடு இடம்பெயர்ந்து போயின. கூடப்பிறந்தவர்கள் கனடாவில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துத் தன் சீவியத்தைப் பார்த்துக்கொண்டாள். தையல் மெசினுக்குக் கீழே எப்போதும் இரண்டு மூன்று பூனைக்குட்டிகள் நூலை இழுத்துக்கொண்டு கிடக்கும். அவை அவளுடையவை அல்ல. தெருவில் விடப்பட்ட குட்டிகளைத் தூக்கி வந்து காப்பாற்றும் பிள்ளைகள் கொஞ்சப்பேர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி நிவேதனா. குட்டிகளை ஸ்கூட்டியில் கொண்டுவந்து ஞானத்திடம் விடுவாள். அவை தேறியதும் வளர்க்க ஆள் பிடித்து அவளே கொண்டு போவாள். ஆக, ஞானம் வீடு இடையில் தங்கும் மடம்.

அந்த முறை வந்தவை மூன்று. காங்கேசன்துறை வீதியோரம் ஒரு பனையடியில் சீமெந்துப் பைக்குள் கிடந்தவை. பனையடியில் கிடந்ததால் பனையில் வரும் தின்பண்டங்களாகப் பார்த்துப் பனங்கட்டி, பினாட்டு, ஒடியல் என்று ஞானம் பெயர் வைத்தாள். பனங்கட்டி மண்ணிறம். பினாட்டு கறுப்பு. ஒடியல் என்பது பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் எப்படியிருக்குமோ அப்படியே இருந்தது, வெளிறி, மெலிந்து, விலா எலும்பு தெரிய.

மூன்றுக்கும் வயிற்றாலே போனது. அது புதினமில்லை. பையில் கிடந்த குட்டிகளுக்குப் புழுவும் இருக்கும், பசியும் இருக்கும், கண்டதையும் நக்கிய வயிறும் இருக்கும். மிருக வைத்தியர் டிலக்ஷி புழு மருந்து கொடுத்தாள், கழிவைப் பரிசோதித்து ஒட்டுண்ணிக்கும் மருந்து கொடுத்தாள். பனங்கட்டியும் பினாட்டும் ஒரு கிழமையில் தேறி யன்னல் சீலையில் ஏறத் தொடங்கின. ஒடியல் மட்டும் தேறவில்லை. ஒரு நாள் கொஞ்சம் இறுகும், அடுத்த நாள் பழையபடி தண்ணீராய்ப் போகும்.

டிலக்ஷி சொன்னதில் ஒன்றைக்கூட ஞானம் விடவில்லை. உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரை ஊசி கழற்றிய சிரிஞ்சியால் சொட்டுச் சொட்டாய் வாயோரத்தில் விட்டாள். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்தாள். குட்டிகள் வெளிக்கிருக்கும் சாம்பல் பெட்டியை அடிக்கடி மாற்றினாள். உப்பில்லாமல் அவித்த கோழியைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுக்கச் சொன்னபோதுதான் இடறியது. ஞானம் பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாதவள். பக்கத்து வீட்டுக் கத்தரீனா அந்தப் பொறுப்பை எடுத்தாள். தன் குசினியில் அவித்து, மசித்து, வேலிக்கு மேலால் நீட்டுவாள். ஞானம் அதை வீட்டுக்குப் பின்னால் கோடிக் கொட்டிலில் வைத்து ஊட்டிவிட்டு, கிணற்றடியில் முழுகிய பிறகுதான் சாமிக்கு விளக்குக் கொளுத்துவாள். பூனைக்கு வயிறு சரிவருமுன் உனக்குச் சளி பிடிக்கும் என்று கத்தரீனா பகிடி பண்ணினாள்.

பால் கூடாது என்றும் டிலக்ஷி சொல்லியிருந்தாள். மாட்டுப்பால் குட்டிகளுக்குச் செமிக்காது, ஒரு துளியும் வேண்டாம் என்றாள். ஞானத்துக்கு அது தலைகீழாய்ப் பட்டது. அவள் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் பூனை வளர்த்த அத்தனை பேரும் பால்சோறு போட்டுத்தான் வளர்த்தார்கள். ஆனாலும் படித்த பிள்ளை சொல்கிறது என்று பால்காரனை நிறுத்தினாள். வாசம் பிடித்துக் குட்டி கேட்கக்கூடாது என்று தானும் பிளேன்ரீக்கு மாறினாள். பாற்செம்பைக் கழுவிப் பரணில் கவிழ்த்தாள்.

அப்படியும் ஒடியல் இறங்கிக்கொண்டே போனபோது, செய்யாமல் மிச்சமிருந்தது ஒன்றுதான். ஒழுங்கை முடிவில் இருந்த வைரவர் கோயிலுக்குப் போனாள். பெரிய கோயில் அல்ல. ஓர் ஆலமரம், ஓட்டுக் கொட்டகை, நடுவில் சூலம். பூசை செய்பவர் அவளுடைய பெரியப்பா மகன் சண்முகநாதன். காலையில் தன் மாட்டைக் கறந்து ஒரு செம்பு எடுத்துக்கொண்டு போய்ச் சூலத்துக்கு வார்ப்பதுதான் அவருடைய முதல் வேலை. வார்த்ததைக் கீழே ஒரு பாத்திரத்தில் ஏந்தி, வந்தவர்களுக்குக் கையில் ஊற்றுவார். ஞானம் கண்ணை மூடி நின்று நேர்த்தி வைத்தாள். ஒடியலுக்குச் சுகம் வருமட்டும் ஒவ்வொரு நாளும் வைரவருடைய அபிஷேகப் பிரசாதம்தான் அதற்கு முதல் வாய். சுகம் வந்ததும் வடைமாலை.

அன்றிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் பிரசாதத்தை வாங்கி, சேலைத் தலைப்பால் மூடிக் கொண்டு வருவாள். ஒடியல் அந்த நேரம் பார்த்து எழும்பி, நடுங்கும் காலோடு வந்து ஆவலாய் நக்கும். வேறெதற்கும் அப்படி வராது. அதைப் பார்க்கப் பார்க்க ஞானத்துக்கு நம்பிக்கை கூடியது. பார், வைரவரை அதற்குத் தெரிகிறது என்று கத்தரீனாவிடம் சொன்னாள். ஆனால் மத்தியானமாகுமுன் வயிறு பழையபடி. கூடுதலாய்ப் போனால் அடுத்த நாள் பிரசாதத்தைக் கூடுதலாய் வாங்கி வருவாள்.

கடைசியில் ஒடியல் தலையைத் தூக்கவே பஞ்சிப்பட்டது. பனையோலைக் கடகத்தில் துணி விரித்து அதைக் கிடத்தி, பஸ் எடுத்து டிலக்ஷியிடம் போனாள். டிலக்ஷி தராசில் வைத்துப் பார்த்தாள். முந்திய முறையைவிட நிறை குறைந்திருந்தது. பூச்சியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, இப்படியே போனால் இந்தக் கிழமை தாண்டாது என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்ரி, நெத்தியிலை என்ன?"

"திருநீறு பிள்ளை. எங்கடை வைரவர் கோயிலடி."

"சரி. உந்த வாயோரத்திலை காய்ஞ்சிருக்கிறது?"

"அது பிரசாதம்."

"என்ன பிரசாதம்?"

"காலமை சூலத்துக்கு வாக்கிறது. அபிஷேகம்."

டிலக்ஷி கையுறையைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிட்டாள்.

"அன்ரி, சூலத்துக்கு என்னத்தை வாக்கிறவை?"

அந்தக் கிண்ணத்துக்குள் இருப்பது என்ன என்று ஞானம் ஒரு நாளும் யோசித்ததில்லை. சூலத்தில் பட்டு இறங்கியபின் அது அதுவாக இருப்பதில்லை. அவள் வளர்ந்த வீட்டில் அப்படித்தான். தீர்த்தத்தை யாராவது தண்ணீர் என்பார்களா?

"பால்" என்றாள், தனக்கே கேட்காத மாதிரி.

டிலக்ஷி எழும்பி அலுமாரிப் பக்கம் திரும்பி, ஒழுங்காக இருந்த மருந்துப் போத்தல்களைத் திரும்ப ஒழுங்காக்கினாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியதை ஞானம் காணவில்லை. திரும்பி வந்தபோது முகத்தைச் சரிப்படுத்தியிருந்தாள். எங்கள் வீட்டில் கேட்டிருந்தாலும் பிரசாதம் என்றுதான் சொல்லியிருப்பார்கள் அன்ரி என்றாள். பாலை நிறுத்தினால் போதும், இன்னும் நேரம் இருக்கிறது என்றும் சொல்லி, தோலுக்குக் கீழே சேலைன் ஏற்றி அனுப்பினாள்.

பஸ்ஸில் கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்த ஞானத்துக்கு இரண்டு பாரம். ஒன்று, இந்தக் கையால்தானே நாளாந்தம் மூடி மூடிக் கொண்டு போய்க் கொடுத்தேன் என்பது. மற்றது அதைவிடப் பாரம். சுகம் வருமட்டும் என்று வாய்விட்டுச் சொன்ன நேர்த்தி. சுகம் வராமல் எப்படி நிறுத்துவது? அவளுடைய சின்னம்மா ஒருத்தி நாகதம்பிரானுக்கு வெள்ளிக் கண்மடல் நேர்ந்துவிட்டு, இந்த வருசம், அடுத்த வருசம் என்று இழுத்து, கடைசியில் ஊசிக்கு நூல் கோர்க்க ஆளைக் கூப்பிட வேண்டி வந்த கதை அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். கொடுத்தால் குட்டி போய்விடும். கொடுக்காவிட்டால் நேர்த்தி முறியும், அப்போதும் குட்டிதான் போகும்.

அடுத்த நாள் காலையில் கிண்ணமில்லாமல் கோயிலுக்குப் போனாள். சண்முகநாதன் பால் வார்த்து முடித்துச் சூலத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஞானம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அவசரப்படாத மனிதர். தீபத்தைக் காட்டி முடித்து, கையைத் துடைத்து, ஆலம்வேரில் வந்து குந்திய பிறகுதான் வாய் திறந்தார்.

"உன்ரை முதல் பிழை பால் இல்லை, ஞானம். நாயை வாகனமா வைச்சிருக்கிறவரிட்டை வந்து பூனைக்கு நேத்தி வைச்சியே, அதுதான்."

ஞானம் சிரிக்கவில்லை. "பகிடி விடாதேங்கோ அண்ணை. நான் இண்டைக்கு என்ன செய்யிறது?"

சண்முகநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். பகிடியை மடித்து வைத்துவிட்டார்.

"எங்கடை அம்மானுக்குச் சலரோகம், இனிப்புக் கூடாது. கோயில் பொங்கலிலை அவற்றை பங்கை ஆர் சாப்பிட்டது?"

ஞானம் யோசித்தாள். "நான்தான்."

"அவற்றை பெயரைச் சொல்லி வாங்கி, அவருக்கு முன்னாலை இருந்து நீ சாப்பிட்டனி. அதாலை அவருக்குப் பிரசாதம் கிடைக்கேல்லை எண்டு ஆரும் சொன்னவையோ? வருத்தக்காரன்ரை பங்கை வீட்டிலை மற்றாள் சாப்பிடுறது நெடுக நடக்கிறதுதானே. குட்டிக்கு நெத்தியிலை திருநீறு. அதின்ரை பாலை வாகனத்துக்கு வை. வைரவருக்கு அது பிடிக்கேல்லையெண்டா என்ரை கனவிலை வந்து கேக்கட்டும்."

வாகனம் என்றது கொட்டகை வாசலில் படுத்திருந்த மணியத்தை. காது கிழிந்த கிழட்டு நாய். எந்த வீட்டு நாயுமில்லை, வைரவரோடு இருக்கிறது. ஞானம் ஒடியலின் பெயரைச் சொல்லி, ஒரு சிரட்டையில் பாலை ஊற்றி அதன் முன்னால் வைத்தாள். மணியம் ஒரு முறை மணந்து பார்த்தது. மறு முறை சிரட்டை வெறுமையாய் இருந்தது. பிறகு அது நிமிர்ந்து, வேறு யாருக்கும் சுகமில்லையா என்பதுபோல அவளைப் பார்த்தது.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அன்றும் ஒடியலுக்குப் போனது. அடுத்த நாளும் போனது. ஞானம் சிரிஞ்சியோடு கொட்டிலிலேயே குடியிருந்தாள். தைக்கக் கிடந்த சட்டைகளுக்கு ஆட்கள் வந்து கேட்டபோது, வீட்டில் ஒரு ஆளுக்கு வருத்தம் என்றாள். காலையில் கோயிலுக்குப் போய் மணியத்துக்கு ஊற்றுவது மட்டும் தவறவில்லை. ஒடியல் பழைய நேரத்துக்கு எழும்பிக் கிண்ணத்தைத் தேடியது. இல்லையென்று கண்டு அவள் விரலை நக்கியது. அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு கோழியை உருட்டி வைப்பாள்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், கத்தரீனா குசினியில் நின்றவள், வேலியடியில் ஞானம் தன் பெயரைக் கூப்பிடுவது கேட்டாள். குட்டி முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். அகப்பையைக் கையில் வைத்தபடியே வேலியைச் சுற்றி ஓடிவந்தாள். ஞானம் சாம்பல் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள். விரலால் காட்டினாள். சாம்பலுக்குள் சுண்டுவிரல் அளவில், இறுகி, உருண்டு, ஒழுங்காய் ஒன்று கிடந்தது. ஒடியல் அதை மூடுவதற்குச் சாம்பலைப் பிராண்டிக்கொண்டிருந்தது. அதுவரை மூடுவதற்குக்கூட அதற்குத் தெம்பு இருந்ததில்லை.

இரண்டு பெண்களும் சாம்பல் பெட்டிக்கு மேலே தலையை முட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்த பிறகு கத்தரீனா சிலுவை போட்டுக்கொண்டாள்.

வயிற்றாலே போவது நின்று, விலா எலும்பு மறைந்து, ஒடியல் என்ற பெயர் பொருந்தாமல் போகும்வரை பொறுத்திருந்து, ஞானம் உழுந்து ஊறப்போட்டாள். வடை சுட்டு மாலையாய்க் கோர்த்துக் கொடுக்க, சண்முகநாதன் சூலத்துக்குச் சாத்தினார். கடகத்தில் ஒடியலும் வந்திருந்தது. பழக்கதோசத்தில் அவர் பாலில் விரலைத் தோய்த்து அதன் வாய்க்குக் கொண்டுபோனார். ஞானம் கடகத்தைப் பட்டென்று பின்னுக்கு இழுத்தாள். அவர் சிரித்துவிட்டுத் திருநீற்றை எடுத்தார். மணியம் தன் பங்குக்கு எழும்பி நின்றது.

பினாட்டையும் பனங்கட்டியையும் நிவேதனா அதற்கு முதலே கொண்டுபோயிருந்தாள். ஒன்று காங்கேசன்துறையில், மற்றது கொக்குவிலில், நல்ல வீடுகள். வடைமாலைக்கு அடுத்த நாள் ஒடியலைக் கேட்டு நிவேதனா வந்தாள். கீரிமலையில் ஒரு குடும்பம் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறது, நாளைக்குக் கொண்டுபோகலாமா என்றாள். ஞானம் தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வயிறு இன்னும் அவ்வளவு சரியில்லை பிள்ளை, எதற்கும் கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்போம் என்றாள். நிவேதனா மெசினுக்குக் கீழே பார்த்தாள். அங்கே ஒடியல் ஒரு நூல்கட்டையோடு கட்டிப் புரண்டுகொண்டிருந்தது. அவள் சிரித்தபடி ஸ்கூட்டியை எடுத்தாள்.

வேலிக்கு அப்பால் நின்ற கத்தரீனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். கோழிக் கோப்பையை நீட்டிக்கொண்டு கேட்டாள்.

"சுகம் வந்திட்டுதெண்டு நேற்று வைரவருக்கு வடை சாத்தினனி. இண்டைக்கு அந்தப் பிள்ளைக்குச் சுகம் வரேல்லை எண்டு சொல்லுறாய். இதிலை ஆருக்குப் பொய் சொன்னனி, ஞானம்?"

ஞானம் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

"வைரவருக்குப் பொய் சொல்லுவனோ?" என்றவள், முழுகுவதற்குத் துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒடியலைக் கூப்பிட்டபடி கொட்டிலுக்கு நடந்தாள்.