இஞ்சி மாஸ்டரும் மகாராணியின் சட்டையும்

தையற்கடைக்காரருக்கு இஞ்சி மாஸ்டர் என்று பெயர் வந்ததற்கும் இஞ்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மனிதர் உலகத்தையே இஞ்ச் கணக்கில்தான் பார்ப்பார். தெருவில் யாராவது நடந்து போனால், "தோள் பதினேழு இஞ்ச், இடது பக்கம் கொஞ்சம் இறக்கம்" என்று வாய் தானாக முணுமுணுக்கும். கோபம் வந்தால் மனைவியின் உதடு எத்தனை இஞ்ச் நீளுகிறது என்றுகூட ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த ஒன்றை மட்டும் அவர் அளப்பதில்லை. இஞ்ச் இஞ்ச் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தெரு அவரை இஞ்சியாக்கிவிட்டது.

வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு தையல் மெஷின், துணி வெட்டும் பெரிய மேஜை, மேஜைக்கு அடியில் துண்டுத் துணி மூட்டை, சுவரில் லேசாக வளைந்த ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் எந்தக் குண்டு மனிதரும் ஒல்லியாகத் தெரிவார். பாதி வாடிக்கையாளர்கள் அதற்காகவே வருகிறார்கள் என்பது மாஸ்டருக்கும் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நல்ல கைதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊருக்கெல்லாம் ஒழுங்காகத் தைத்தவர், சொந்த மைத்துனன் கல்யாணத்தில் சறுக்கிவிட்டார். மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய கல்யாணக் கோட்டு இவர் தைத்தது. மேடையில் விழுந்த மோதிரத்தை எடுக்க மாப்பிள்ளை குனிந்தான். முதுகுத் தையல் கழுத்திலிருந்து இடுப்புவரை 'டர்ர்' என்று விட்டுக்கொண்டது. பக்கத்தில் மைக் வேறு இருந்து தொலைத்தது. அந்தக் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை எல்லாப் படத்திலும் சுவரில் சாய்ந்தே நிற்கிறான்.

அன்றிலிருந்து மைத்துனன் அக்காவைப் பார்க்க வந்தால் பின்வாசல் வழியாக வருவான், பின்வாசல் வழியாகப் போவான். மாஸ்டருக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பிள்ளை இல்லாத வீடு. அந்தப் பையனைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். வெளியே சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, அவன் ஒரு நாள் கடைப்பக்கமாக வந்து "மாமா" என்று கூப்பிட மாட்டானா என்று ஏங்கிப்போயிருந்தார்.

வந்தான். கையில் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வந்தான். பெட்டிக்குள் மணல், ஒரு உடைந்த ஓடு, ஓட்டுக்கு அடியில் உள்ளங்கை நீளத்துக்குக் கருகருவென்று ஒரு தேள்.

"மாமா, வெளியூர்ல ஒரு பெரிய கட்டடத்துல லிஃப்ட் மாட்டப் போறேன். வர ஒரு மாசம் ஆகும். இவளக் கொஞ்சம் பாத்துக்கங்க. பேரு மகாராணி."

மாஸ்டர் ஏற்கெனவே மேஜைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். "உன் வீட்டுல வச்சிக்கக் கூடாதா மாப்ள?"

"என் வீட்டம்மா செருப்போட காத்துக்கிட்டு இருக்கா. உங்களத் தவிர வேற யாருகிட்டயும் விட மனசு வரல மாமா."

அந்தக் கடைசி வாக்கியத்தில் மாஸ்டர் உருகிப்போனார். மேஜையிலிருந்து இறங்கினார். இறங்கிய பிறகுதான் பையன் அதைச் சொன்னான்.

"வாரத்துக்கு ரெண்டு கரப்பான்பூச்சி போடுங்க, போதும். அப்புறம், இவ சட்டை கழட்டினா மட்டும் கிட்டயே போகாதீங்க. சட்டை விஷயத்துல நீங்க கை வைக்காம இருந்தாலே எனக்குப் பெரிய உபகாரம்."

மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. பயல் இன்னும் அந்தக் கோட்டை மறக்கவில்லை. தேளை முன்னால் வைத்துக்கொண்டு ஊசி ஏற்றுகிறான். சரி, ஏற்றட்டும். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காமல் பெட்டியை வாங்கி அலமாரிமேல் வைத்தார். இந்த ஒரு பொருளையாவது முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டார். பாம்பு சட்டை உரிக்கும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. ஆனால் புண்பட்ட தையற்காரர் காதில் சட்டை என்றால் சட்டைதான்.

முதல் வாரம் மகாராணி மகாராணியாகவே இருந்தாள். கரப்பானைப் போட்டால் ஒரே பிடி. அடுத்த வாரத்தில் போக்கு மாறியது. ஓட்டடியை விட்டு வெளியே வருவதில்லை. மாஸ்டர் கண்ணாடியைத் தட்டினால் முன்பெல்லாம் வாலைத் தூக்கி ஒரு முறைப்பு முறைப்பாள். இப்போது அதுவும் இல்லை.

"என்னைச் சட்டையே பண்ண மாட்டேங்குது" என்று மனைவியிடம் முறையிட்டார்.

"சட்டை பண்றது உங்க வேலை. அதுக்கு எதுக்கு அது?" என்று சொல்லிவிட்டு அவள் காய் நறுக்கப் போனாள்.

பிறகு மகாராணி சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். போட்ட கரப்பான் பெட்டிக்குள் உலாப் போய்விட்டு, கடைசியில் மகாராணியின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்து மீசையை ஆட்டியது. மாஸ்டர் அடுப்படிப் பக்கம் ஓடினார். பெண்டாட்டியைக் கூப்பிட்டார். அவள் வந்து பார்த்ததும் வீடு அதிர ஒரு கூச்சல். தேளுக்காக இல்லை, கரப்பானுக்காக.

"தேள் இருக்கட்டும், அது பாட்டுக்குக் கிடக்கு. இந்தச் சனியன் என் வீட்டுல ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது!" நீளமான துணிக் கத்திரியாலேயே கரப்பானைக் கவ்வித் தூக்கி வெளியே எறிந்தாள். தேளைக் கண்டால் பயமில்லாதவள் கரப்பானைக் கண்டு அலறுவது எந்தக் கணக்கு என்று மாஸ்டருக்கு இன்றுவரை புரியவில்லை.

பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "சூடு பத்தல மாஸ்டர். இஸ்திரிப் பெட்டிய லேசா வெதுவெதுன்னு வச்சு மேல ஒரு இழுப்பு இழுக்கட்டுமா?"

"அது என்ன வேட்டியாய்யா? போய்யா!"

மாஸ்டர் தன் வழியில் ஆராய்ந்தார். கண்ணாடிக்கு வெளியே அளவு நாடாவைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பைக் கணக்கிட்டார். வந்தபோது இருந்ததைவிடப் பெருத்திருந்தது. பட்டினி கிடக்கிற உடம்பு பெருக்குமா? நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

"சாப்பாடு இறங்கல. ஒரே சோம்பல். மூலையிலயே படுக்கை. இடுப்பு வேற ஏறிப்போச்சு. இங்க பாரு, இது முழுகாம இருக்கு!"

மனைவியும் குனிந்து பார்த்தாள். "அப்படித்தான் தெரியுது. தேள் குட்டிகளை எல்லாம் முதுகுலயே சுமக்குமாம்."

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று கொடுத்தான், ஒரு கூட்டமாகத் திருப்பிக் கொடுக்கப் போகிறார். மெஷினைச் சத்தம் வராமல் மெல்ல மிதித்தார். வாடிக்கையாளர்களிடம், "மெதுவா பேசுங்க, உள்ள மாசமா இருக்காங்க" என்றார். தெருவில் பாதிப் பேர் இஞ்சி மாஸ்டரின் மனைவிக்கு இந்த வயதில் விசேஷம் என்று எடுத்துக்கொண்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள். அந்தம்மாள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மழை மதியம். கடையில் ஆள் இல்லை. மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார். மகாராணி ஓட்டடியிலிருந்து வெளியே வந்து, மணலில் அசையாமல் கிடந்தாள். கிட்டே போய்ப் பார்த்தவருக்கு உயிரே போய்விட்டது. தலைப்பக்கம் ஓரமாக உடம்பின் மேல் ஓடு பிளந்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ பிதுங்கிக்கொண்டு தெரிந்தது.

"ஐயோ, தையல் விட்டுப்போச்சே!"

அந்த நேரத்தில் வேறு எந்த மனிதருக்கும் வேறு ஏதாவது தோன்றியிருக்கும். அவர் தையற்காரர். மறுபடியும் அதே பையன், மறுபடியும் தன் பொறுப்பு, மறுபடியும் பிளவு. ஊசிப் பெட்டியைக் கவிழ்த்தார். இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்தார். நூல்? இங்கேதான் தொழில் புத்தி குறுக்கே வந்தது. கறுப்பு நூலை ஓட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், ஒட்டவில்லை. அந்த ஓட்டில் ஒரு கரும்பச்சைச் சாயல் இருந்தது. கரும்பச்சையைப் பிடித்தார், அது வெளிச்சத்தில் நீலமாக அடித்தது. சாகக் கிடக்கிற உயிருக்குக்கூட நிறம் மாறிய நூலில் தைக்க அவர் மனம் ஒப்பவில்லை. நூல் கட்டைகளை எல்லாம் மேஜையில் பரப்பி, கண்ணீரும் கம்பலையுமாகச் சாயல் பொருத்திக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக நூல் கிடைத்தது. மூடியைத் திறந்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "மாப்ள, உனக்காகத்தான்டா" என்று சொல்லியபடி ஊசியோடு கையை உள்ளே விட்டார். ஒரு கண்ணைத் திறந்து பார்த்த அந்த நொடியில் மகாராணியின் கால் ஒன்று விதிர்த்தது. அவ்வளவுதான். ஊசி ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம், மாஸ்டர் மேஜைமேல்.

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். திறந்த மூடி, தரையில் ஊசி, மேஜைமேல் புருஷன். எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதலில் மூடியைப் போட்டாள். பிறகு தம்பிக்குப் போன் அடித்து ஸ்பீக்கரில் வைத்தாள்.

"டேய், உன் மகாராணி தலைக்கிட்ட பிளந்து கிடக்கு. உள்ள வெள்ளையா தெரியுது."

"சட்டை கழட்டுறாக்கா! யாரும் தொட்டுடாதீங்க! மேல் ஓடு சின்னதாப் போச்சுன்னா அதக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசோட வருவா. தொட்டா செத்துடுவா. மாமாகிட்ட அவ்வளவு சொல்லிட்டு வந்தேனே! மாமா தொட்டாரா?"

அவள் மேஜைமேல் பார்த்தாள்; மாஸ்டர் இல்லை என்று வேகமாகத் தலையாட்டினார். "உன் மாமாவா? தொடல" என்றாள். பொய் இல்லை.

மேஜைமேல் இருந்தவர் மெல்ல உட்கார்ந்தார். சட்டை என்று பையன் சொன்னது இந்தச் சட்டையையா! குத்திக் காட்டவே இல்லையா! இத்தனை நாளாக மனதில் வைத்துப் புழுங்கிய கோபம், வைக்க இடமில்லாமல் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அன்று மழை விடும்வரை புருஷனும் பெண்டாட்டியும் பெட்டிமுன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்ட கதையை மாஸ்டர் அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். மகாராணி பிளவு வழியாகக் கொஞ்சம் நகர்வாள், ஓய்வெடுப்பாள், மறுபடி நகர்வாள். கைகள் வந்தன, எட்டுக் கால்களும் வந்தன, கடைசியில் வால் வந்தது. கொடுக்கு நுனிவரை, அந்தப் பிளவைத் தவிர வேறு கிழிசல் இல்லாமல் பழைய ஓடு அப்படியே மணலில் நின்றது. பக்கத்தில் பால் நிறத்தில் மெத்தென்று புதிய மகாராணி. மாஸ்டர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார். இத்தனை வருடத் தொழிலில், போட்டிருப்பவர் வெளியேறிய பிறகும் நிற்கிற ஒரு உடுப்பை அவர் தைத்ததில்லை.

மைத்துனன் திரும்பி வந்தபோது மகாராணி மறுபடி கறுத்து, கம்பீரமாக வாலைத் தூக்கி நின்றாள். பையன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"மாமா, இதுக்கு முன்னாடி ரெண்டு வளத்தேன். ரெண்டும் சட்டை கழட்டும்போதுதான் போச்சு. பாவமா இருக்கேன்னு நானே காலப் பிடிச்சு இழுத்து உதவி பண்ணிட்டேன். அதான் இந்தத் தடவ, தொடவே தொடாத ஆளா வேணும்னு சொந்தக்காரங்க எல்லாரையும் யோசிச்சுப் பாத்தேன். உங்களவிட்டா பெரிய பயந்தாங்கொள்ளி யாரும் இல்ல."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "அப்போ... என்னைய நம்பி விட்டுட்டுப் போகலையா?"

"உங்க பயத்த நம்பி விட்டேன் மாமா. தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்ததற்கு இதுதானா பட்டம்?

அதுவரை கதவோரம் நின்றிருந்த மனைவி முன்னால் வந்தாள்.

"யாரடா பயந்தாங்கொள்ளிங்கற? உன் மகாராணிக்குத் தையல் விட்டுப்போச்சுன்னு, மூடியத் தொறந்து, ஊசியோட கைய உள்ள விட்டாருடா இந்த மனுசன். கண்ண மூடிக்கிட்டு, உனக்காகத்தான்னு சொல்லிக்கிட்டு!"

பையனுக்கு முகம் வெளிறியது. பெட்டியைப் பார்த்தான், மாஸ்டரின் முதுகைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"நெசமாவா மாமா? தேள் பெட்டிக்குள்ளயா? எனக்காகவா?"

"பின்ன வேற யாருக்காம்" என்றார் மாஸ்டர், திரும்பாமலே.

பையன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"அப்போ இனிமே உங்ககிட்ட இவள விடவே முடியாது மாமா. உங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி. நான் வேற யாரையாவதுதான் பாக்கணும்."

இஞ்சி மாஸ்டர் திரும்பினார். வாழ்நாளில் ஒரு வேலைக்குத் தான் லாயக்கில்லை என்று கேட்டு அவர் அப்படிப் பூரித்தது அதுதான் முதல் தடவை.