சட்டைப்பையில் இருந்த ஃபியூஸ் கட்டை

எலக்ட்ரீஷியன் காதர் பாய் இறந்த செய்தியோடு எங்கள் வீட்டு ஃபியூஸ் கட்டையும் வந்து சேர்ந்தது. சாயங்காலம் நாலரை இருக்கும். அவர் மகன் சலீம், என்னிடம் படித்தவன், வாசலில் நின்றான்.

"அத்தா தவறிட்டாரு சார். ஒயர் வாங்கப் போன கடையிலயே நெஞ்சு வலி. இது சட்டைப்பையில இருந்துச்சு. சார் வீட்ல கரண்ட் இருக்காது, முதல்ல குடுத்துட்டு வான்னு அம்மா அனுப்பினாங்க."

கணவரை இழந்த அந்த நேரத்திலும் எங்கள் வீட்டுப் புழுக்கம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

எங்கள் ஊரான வேங்கிக்காலில் பாய் ஒயர் இழுத்த வீடுகளில் இருப்பவர்களுக்கு அவர் பழக்கம் தெரியும். வேலையைத் தொடுமுன் மெயின் பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். வேலை முடியும்வரை திருப்பி மாட்டமாட்டார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "சுவிட்சை யார் வேணா போடுவாங்க சார். என் பையில இருக்கறத யாரு போடுவா?" என்றார். பொறுப்பு என்றால் என்ன என்று விளக்க, வகுப்பில் பல வருடம் நான் சொன்ன உதாரணம் அதுதான்.

அந்தப் பழக்கத்தால் வந்த வம்பும் உண்டு. எங்கள் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நடந்த மழைநாள், வெள்ளிக்கிழமை. அங்கே ஒயர் வேலைக்கு வந்திருந்த பாய், கட்டையைப் பையில் வைத்தபடியே ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டார். பிள்ளைகள் இருட்டில் எழுதினார்கள். திரும்பி வந்தவரைத் தலைமையாசிரியர் பிடித்துக்கொண்டார். "மார்க்குதானே சார் கம்மியாவும், உயிரா போவும்?" என்றார் பாய். தலைமையாசிரியரே சிரித்துவிட்டார்.

கடைசியாக, இறந்த அன்று காலையில் அவர் வந்தது, பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் மனைவியின் அறைக்குப் புது மின்விசிறி போட. விசிறியை மாட்டியாயிற்று. அதற்குக் கரண்ட் வரவேண்டிய பழைய ஒயர் சுவருக்குள் இற்றுப்போயிருந்தது. பக்கத்து பிளக்கிலிருந்து ஒரு ஒயரைத் தொங்கவிடுங்கள், மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

"அம்மாவோட இரும்புக் கட்டில் மேலதான் அந்த ஒயர் போவும் சார். ஒரு மதியம் வேர்த்தா வேர்க்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் புது ஒயர் வாங்கத் தேரடிப் பக்கம் கிளம்பினார்.

மேசை விசிறியும் ஓடவில்லை. ஒரு அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தேன். முதுகெல்லாம் நனைந்து அவள் முனகினாள். நான்கு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. கடைசியில் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன்: "முடியலன்னா காலையிலயே சொல்லியிருக்கணும் பாய். உங்களை நம்பினது என் தப்பு."

சலீம் போனதும் கட்டையோடு மெயின் பெட்டிக்கு விரைந்தேன். பாதியில் நின்ற வேலையாயிற்றே, ஒயர் முனைகள் திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் உறைத்தது. அறைக்குத் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முனையிலும் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். கட்டை தன் பையிலேயே இருந்தும்.

மறுவாரம் வேறொருவர் வந்தார். சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறப் போனார். நான் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "ஆஃப்லதான் இருக்கு, பயப்படாதீங்க சார்" என்று சிரித்தார். அவர் வேலை முடித்து இறங்கும்வரை பையைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.

விசிறி இப்போது ஓடுகிறது. பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பழக்கம். கூடவே, அவர் கேட்காமலே போன அந்தக் குரல் பதிவும் என் போனில் இருக்கிறது. அதை அழிக்க மனம் வரவில்லை.