பரணில் ஏற்றிய கல்யாணத் துணி

தையலக்காவின் கடை தெருவைவிட ஒரு படி தாழ்வு. மழை வந்தால் போதும், தெருத் தண்ணீர் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உரிமையோடு உள்ளே நுழைந்துவிடும். அதனால் வானம் இருட்டினால் துணிகளைப் பரணில் ஏற்ற வேண்டும், அதுதான் அங்கே சட்டம்.

ஊராருக்கெல்லாம் நேரத்துக்குத் தைத்துக் கொடுப்பவள், பெற்ற மகளுக்கு மட்டும் கடைசியில்தான் தைப்பாள். பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு மணியடிக்கப்போகும் நேரத்தில்கூடச் சீருடைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருப்பாள். கேட்டால், "நம்ம பொண்ணுதானே, பொறுத்துக்குவா" என்பாள். அந்தப் பிள்ளையும் பொறுத்துக்கொண்டது, வேறென்ன செய்யும்?

மகளின் கல்யாணத் துணிக்கு மட்டும் அப்படி விடவில்லை. வாடிக்கைக்காரர்களைக் காக்க வைத்து, சந்தனநிறப் பட்டில் சிவப்புக் கரை வைத்துத் தைத்து முடித்தாள். அடுத்த வாரம் கல்யாணம். நேற்று சாயங்காலம் வானம் கறுத்தது. ஆயுசில் முதல்முறையாக மகளுடையதை முதலில் பரணில் ஏற்றினாள். கால்வலி, மறுபடி ஏணி ஏற முடியவில்லை. மற்றதெல்லாம் மேசையிலேயே கிடக்கட்டும் என்று கடையைப் பூட்டினாள்.

பாழாய்ப்போன மழை வரவே இல்லை. மாடியில் குடியிருக்கிற மகராசன், தண்ணீர் வராத குழாயைத் திறந்துபோட்டுவிட்டு ராத்திரி வேலைக்குப் போய்விட்டார். அவர் போனதும் தண்ணீர் வந்தது.

காலையில் கடையைத் திறந்தால் கூரையிலிருந்து நேராகப் பரணில் சொட்டிக்கொண்டிருந்தது. மேசை காய்ந்தே கிடந்தது. பட்டை எடுத்துப் பார்த்தாள். கரையின் சிவப்புச் சாயம் பட்டு முழுக்க இறங்கியிருந்தது. பிழிந்து கொடியில் போட்டாள். தரையைத் துடைத்தாள். மனசு மரத்துப்போயிருந்தது, ஒன்றுமே தோன்றவில்லை.

மாடிக்காரர் இறங்கி வந்து கையைப் பிசைந்தார். "அக்கா, சத்தியமா தெரியாதுக்கா. திட்டவாவது திட்டுங்க!"

"குழாயை மூடிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

துணி வாங்க வந்த ஒருத்தி, "நல்லவேளை, என்னோடது தப்பிச்சுது!" என்றாள். "ஆமாம்மா" என்று மடித்துக் கொடுத்தாள்.

செய்தி கேட்டு மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கொடிப்பக்கம் திரும்பவே இல்லை.

"யாரோட துணிம்மா நனைஞ்சுது?"

"உன்னோடதுதான்."

"வேற?"

"வேற எதுவும் இல்ல."

"அப்பாடா!" என்று மகள் நெஞ்சில் கை வைத்தாள். "நான் பயந்தே போயிட்டேம்மா."

அப்போதுதான் அக்காவுக்கு அழுகை வந்தது.