என்டருக்கு முன் ஒரு ஜெபம்

அவரைப் பார்த்தது நான் வேலை பார்த்த பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் கணினிப் பிரிவில். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கல்லூரியின் கிளவுடில் பதிவாகியிருக்கும் வேண்டாத செயலிகளைக் கருப்புத் திரையில் கட்டளை அடித்து நீக்குவார். ஒவ்வொரு முறையும் என்டர் தட்டுமுன் கண்ணை மூடி ஜெபிப்பார்.

தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்த நான், "இந்தச் செயலி தேவையா? பதில் வராவிட்டால் நீக்கப்படும்" என்ற அவர் மெயிலைக் கவனிக்கவில்லை. திரும்பி வந்தால் விடுதிக்காக நான் எழுதிய செயலியை நீக்கியிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"அழிச்சாலும் ஒரு மாசம் குப்பையில கெடக்கும், வே. இந்தா, உம்ம செயலி. நல்லாப் பாத்துக்கிடும்," என்று திரையில் காட்டினார்.

"அப்ப மீட்டுக் குடுங்க, அண்ணாச்சி. பிள்ளைங்க லாகின் பண்ண முடியாம தவிக்காங்க."

அவர் குப்பையிலிருந்தும் அதை நீக்கும் கட்டளையை அடித்தார். கண்ணை மூடினார். என்டர் தட்டினார்.

"இனி மெயில் பாப்பீருல்லா," என்றார்.

ஆண்டவரிடம் அவர் அப்போது என்ன கேட்டார் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.