பாஸ்கரன் அண்ணா வீட்டுக்குச் சொல்லாமல் போனது

செவ்வாய்க்கிழமை காலை மனுரேவாவில் ரயில் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பாஸ்கரன் அண்ணாவின் மனைவி விஜயா அக்காவின் செய்தி வந்தது. "அவர் காலை ஐந்து மணிக்குப் போய்விட்டார். யாரும் வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்." முதல் வரியைப் படித்தபோது வராத அழுகை இரண்டாவது வரியில் வந்தது. வாய்விட்டே அழுதேன். பக்கத்து இருக்கையில் இருந்த, முன்பின் தெரியாத சமோவாப் பெண் ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நகரம் வரும்வரை உட்கார்ந்திருந்தார்.

உங்களில் பலருக்குப் பாஸ்கரன் அண்ணாவைக் கோயில் அன்னதானத்தில் பார்த்த பழக்கம் இருக்கும். ஆளைப் பார்க்காதவர்கள்கூடக் குரலைக் கேட்டிருப்பீர்கள். அவரும் நானும் பதினொரு வருடம் ஒரே அலுவலகத்தில் கணினிப் பிரிவில் வேலை செய்தோம். அவர் பாபகூராவில் ரயில் ஏறுவார், நான் மூன்று நிறுத்தம் தள்ளி மனுரேவாவில். திருச்சிக்காரர், என் யாழ்ப்பாணத் தமிழைக் கேலி செய்யாமல் அவருக்குப் பொழுது விடியாது. "ஆமாம்" என்பதற்கு நான் "ஓம்" என்று தொடங்கினாலே "பூஜை ஆரம்பிச்சாச்சா?" என்பார். பெட்டி முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

நான்கு வருடத்துக்கு முன் அலுவலகம் அவரைப் பத்து நாள் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. போனவர் ஒருவர், வந்தவர் வேறொருவர். அங்கே ஒரு தெருவில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்களாம். "சுத்திப் போகச் சொல்லி ஒரு பெரியவர் நின்னாரு, சாந்தி. அந்த நாலடி சுத்துக்காக என்கிட்ட குனிஞ்சு மன்னிப்புக் கேட்டாரு. நான் யாரு அவருக்கு?" இதை எத்தனை தரம் சொன்னார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும். ஐம்பது வயதை எட்டும்போது, இருக்கிற வேலையையும் வீட்டையும் விட்டு அங்கேயே போய் வாழ்வது என்று முடிவு செய்துவிட்டார். மகன் வெலிங்டனில் வேலைக்குப் போயிருந்தான். விஜயா அக்கா, புளி கிடைக்குமா என்று மட்டும் கேட்டாராம்.

வேலை கிடைப்பதற்கு முன்பே பழகத் தொடங்கினார். "அங்க போய்ப் பழகினா, பழகுற வரைக்கும் அவங்களுக்குத்தானே தொந்தரவு?" என்பது அவர் கட்சி. அங்கே குப்பை பிரிக்கிற முறைப்படி பால் போத்தலைக் கழுவி, மூடியை வேறாகவும் சுற்றியிருக்கும் தாளை வேறாகவும் எடுத்து வைப்பார். ஒரு கல்யாணத்துக்கு ஹமில்டன் போய்வந்தவர், மறுநாள் எல்லோர் மேசையிலும் தனித்தனியாகச் சுற்றிய இனிப்பு ஒன்று வைத்தார். அங்கே வெளியூர் போய்வந்தால் அதுதான் முறையாம். எங்கள் ஆட்கள் மூன்று பேர் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். "ஒண்டரை மணித்தியாலத்தில போற ஹமில்டனுக்கே இப்பிடியெண்டால், நீங்கள் ஊருக்குப் போய்வந்தால் எங்களுக்குப் பவுனோ தருவியள்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தலையைத் தாழ்த்தி நன்றி சொன்னார்.

ஆனால் ரயிலில் மெல்லப் பேசுவதுதான் அவருக்கு மலையாக இருந்தது. குரல் ஏறினால் முழங்கையால் இடிக்கச் சொல்லி என்னையே காவலுக்கு வைத்தார். கிரிக்கெட் நடக்கிற வாரங்களில் என் முழங்கை வலித்துப் போகும். ஒரு வருடத்தில் இடிக்கிற தேவை இல்லாமல் போயிற்று. அந்தப் பெரிய குரலை அவர் மடித்து உள்ளே வைத்துவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அவர்கள் வீட்டுக் கதவு சனிக்கிழமைகளில் சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை. யார் போனாலும் சாப்பாடு இருக்கும். ஒரு சனிக்கிழமை நல்ல முருங்கைக்காய் கிடைத்ததென்று நானும் என் கணவரும் வழக்கம்போலப் போனோம். அண்ணா கதவைத் திறந்தார். "வாங்க" என்ற சொல் கொஞ்சம் பிந்தி வந்தது. தேநீர் குடித்து முடித்ததும், நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. அடுத்த தடவை ஒரு மெசேஜ் போட்டுட்டு வாங்க. அங்க சொல்லாம யாரும் யார் வீட்டுக்கும் போறதில்ல. நானும் பழகணும்." சமையலறையில் விஜயா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது என் கணவர், "இவர் ஜப்பானுக்குப் போக முதலே எங்களிட்டை விசா கேக்கிறார்" என்றார். நான் சிரித்தேன், ஆனாலும் மனம் சுட்டது. இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு நானும் செய்தி அனுப்பிக் கேட்டுப் போகப் பழகிக்கொண்டேன். மற்றவர்களும் பழகினார்கள்.

சென்ற ஆண்டு ஒசாகாவில் ஒரு நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. சேர்வதற்கு முன் உடல் பரிசோதனை கேட்டார்கள். நெஞ்சை எடுத்த படத்தில் ஒரு நிழல் தெரிந்தது. அதை அவர் ரயிலில்தான் என்னிடம் சொன்னார், பக்கத்து இருக்கைக்கும் கேட்காத குரலில். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நிறுவனத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுத மூன்று நாள் எடுத்தார். அவர்கள் தனக்காக ஒதுக்கிய நேரத்தையெல்லாம் வீணாக்கிவிட்டேன் என்று எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, போதாதென்று ஜப்பானிய மொழியில் எழுதி, அதைத் தனக்குக் கற்பித்த ஆசிரியரிடம் திருத்தி வாங்கினார். நோய் அவருக்கு, மன்னிப்பும் அவரே கேட்கிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது. "அண்ணா, நீங்கள் ஆருக்கும் ஒரு பிழையும் செய்யேல்லை" என்றேன். "எனக்காக இடம் பிடிச்சு வச்சிருந்தாங்களே" என்றார்.

பிறகு வேலைக்கு வருவது நின்றது. வரலாமா என்று செய்தி அனுப்புவேன். "சிரமப்பட வேண்டாம், நன்றாக இருக்கிறேன்" என்று பதில் வரும். மறுபடி இரண்டு வாரம் கழித்துக் கேட்பேன். அதே பதில். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. அவர் சொல்லை மதிக்கிறேன் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மெலிந்த அவரைப் பார்க்க எனக்குப் பயம்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, பாபகூராவில் மரக்கறி வாங்கிவிட்டுத் திரும்பியவள், காரை அவர்கள் தெருவுக்குள் விட்டேன். செய்தி அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால், வேண்டாம் என்ற பதிலோடு என் வீட்டுக்குத்தான் போயிருப்பேன். கதவைத் திறந்த விஜயா அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். அண்ணா முன்னறையில் சாய்வு நாற்காலியில் போர்வைக்குள் இருந்தார். பாதி ஆளாகியிருந்தார்.

"சொல்லாமல் வந்திட்டன் அண்ணா. குறை நினையாதேங்கோ."

"கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன், சாந்தி" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எல்லாரும் கேட்டாங்க. நானும் எல்லாருக்கும் வேண்டாம்னேன். யாரும் வரல."

ஒரு மணி நேரம் கதைத்தோம். அலுவலகத்து வம்பெல்லாம் ஒன்று விடாமல் கேட்டார். என் தமிழைக் கேலி செய்தார். இடையில் ஒருமுறை குரல் பழையபடி ஏறியது. விஜயா அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த சனியும் போனேன். அவர் உறக்கத்திலேயே இருந்தார். அக்காவுக்குப் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கு மூன்றாம் நாள்தான் அந்தச் செய்தி வந்தது.

ஐந்து மாதத்தில் இருபது சனிக்கிழமைகளாவது இருந்திருக்கும். எனக்குக் கிடைத்தது ஒன்று. வேண்டாம் என்று யாராவது சொன்னால் "சும்மா இருங்கோ" என்று உள்ளே நுழைகிற சாதி நாங்கள். அதை ஒரு நல்ல மனிதருக்காக மறந்தோம். அவர் போகவிருந்த ஊரில்கூட, படுத்திருப்பவரை இப்படித் தனியே விட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. மனிதர் இருக்கிற இடந்தானே, விட்டிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது சில உண்டு. ரயிலில் மெல்லப் பேசுகிறேன். தெரியாதவர் ஒதுங்கி வழிவிட்டால் நின்று தலை தாழ்த்துகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஆனால் கேட்டுவிட்டுப் போகிற அந்தப் பழக்கத்தை மட்டும் அண்ணாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பாபகூரா வீட்டில் விஜயா அக்கா இப்போது தனியாக இருக்கிறார். போன் எடுத்துக் கேட்டால், சிரமப்பட வேண்டாம் என்றுதான் சொல்வார். கேட்காதீர்கள், போங்கள்.